இரண்டு தோவாளை: ஒரு டெஸ்ட் லைப்ரரித் திருத்தமும் அது மறைத்த பிழையும்

தோவாளைப் பூச்சந்தையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்குப் பார்க்கும் பெரியவர், ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், பில் செயலியைச் செய்து கொடுத்த குழுவுக்குப் போன் போட்டார். "தம்பி, ஊர் லிஸ்ட்ல தோவாளை ரெண்டு கெடக்கே. எதுல போடணும்?" ஒன்றைத் தொட்டால் பழைய பாக்கி மட்டும் வருகிறது. மற்றதைத் தொட்டால் செயலி வந்த பிறகு போட்ட பில் மட்டும் வருகிறது. லிஸ்ட்டில் கொஞ்சம் மேலே போனால் கொட்டாரம், கோட்டாறு, மறுபடி கொட்டாரம், மறுபடி கோட்டாறு என்று நிற்கின்றன. கேரளத்துக்கு வண்டி வண்டியாகப் பூ ஏறுகிற நாட்கள் அவை. பாதி பேரின் கணக்கு இரண்டு துண்டாகக் கிடந்தது.

பிழை செயலியில்தான். ஆனால் அதைப் பிடித்திருக்க வேண்டிய டெஸ்ட், அதாவது செயலியைத் தானே ஓட்டிச் சரிபார்க்கும் நிரல், ஒன்று இருந்தது. தினமும் ராத்திரி ஓடியது. தினமும் பச்சை காட்டியது, அதாவது எல்லாம் சரி என்றது. தோற்றால் சிவப்பு. பச்சை காட்டியதற்குக் காரணம் நான் பராமரிக்கும் லைப்ரரி, டெஸ்ட் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொது நிரல் தொகுப்பு. அதில் ஜூன் மாதம் நானே செய்த நான்கு வரித் திருத்தம். அந்தத் திருத்தத்துக்கு அன்றைக்கு எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். என்ன நடந்தது, எதை மாற்றினோம் என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். தமிழில் செயலி செய்கிற, சோதிக்கிற யாருக்கும் இது நேரக்கூடியது.

லைப்ரரியைப் பற்றி

நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். லைப்ரரி பைதானில் எழுதியது. டெஸ்ட்டுகளை ஓட்டும் பைடெஸ்ட்டும் உலாவியை நிரலால் இயக்கும் செலினியமும் அடியில் இருக்கின்றன. திரையில் ஒரு பொத்தான் வரும்வரை காத்திருப்பது, பட்டியலில் ஒரு வரியைத் தேடி எடுப்பது, வந்த எழுத்தை எதிர்பார்த்த எழுத்தோடு ஒப்பிடுவது போன்ற வேலைகளை ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக எழுதாமல் ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம். நான்கு குழுக்கள் பயன்படுத்துகின்றன. இரண்டு இதே மாடியில், ஒன்று மார்த்தாண்டத்தில், இன்னொன்று வெளியே ஒரு சின்னக் குழு. அதில் டெஸ்ட் எழுதுகிற பிள்ளை குலசேகரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பராமரிப்பது நான். வேறு வேலைக்கு நடுவில்தான்.

இதற்கு முன்பும் அடி பட்டிருக்கிறோம். 2021 அக்டோபரில் செலினியம் 4 வந்தபோது, பைதானில் திரையிலுள்ள உறுப்புகளைத் தேடும் பழைய செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) "இனி வேண்டாம்" என்று குறித்தார்கள். 2022 ஜூனில் 4.3 வெளியீட்டில் எடுத்தே விட்டார்கள். அன்றைக்கு எங்கள் டெஸ்ட் அத்தனையும் சிவந்தது. 2023 ஜூலையில் குரோம் 115 வந்தது. அதற்கு எந்த டிரைவர் (செலினியத்தையும் உலாவியையும் இணைக்கும் துணை நிரல்) என்று கேட்க நாங்கள் நம்பியிருந்த பழைய முகவரி 114-உடன் நின்றுபோனது. அன்றைக்கும் சிவப்பு. இரண்டு தடவையும் ஒரு நாள், ஒன்றரை நாள் வேலை கெட்டது, அவ்வளவுதான். உடைந்தது எல்லாருக்கும் தெரிந்தது, எங்கே என்றும் தெரிந்தது. இந்தத் தடவை உடைந்தது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல்.

ஜூன் மாதம்

குலசேகரத்திலிருந்து அந்தப் பிள்ளை அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு டெஸ்ட் தோற்று, கீழே இப்படி எழுதியிருந்தது: எதிர்பார்த்தது "நாகர்கோவில்", கிடைத்தது "நாகர்கோவில்". கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணே, இது ரெண்டும் ஒண்ணுதானே? நேத்து முழுக்க இதுலேயே இருக்கேன். இடம் விட்டிருக்கான்னு பாத்தேன், ஃபாண்ட் மாத்திப் பாத்தேன். ஒண்ணும் பிடிகிட்டல."

காரணம் எனக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டது. ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ஓகார உயிர்மெய்யை இரண்டு விதமாக எழுதலாம். "ோ" என்பதற்கே தனி எண் உண்டு: 3019. அதையே இரட்டைக்கொம்பு (3015), துணைக்கால் (3006) என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஒகரத்துக்கும் அப்படித்தான்: 3018, அல்லது 3014-உம் 3006-உம். திரையில் இரண்டும் ஒரே வடிவமாகத்தான் தெரியும். தோவாளை என்ற சொல்லை எண்களாகப் பிரித்தால் ஒரு வழியில் 2980, 3019, 2997, 3006, 2995, 3016 என ஆறு வரும். இன்னொரு வழியில் 2980, 3015, 3006, 2997, 3006, 2995, 3016 என ஏழு. மனிதக் கண்ணுக்கு ஒரே ஊர். எண்களை வரிசையாக ஒப்பிடும் நிரலுக்கு இரண்டு ஊர்.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? கைபேசியில், கணினியில் இன்று நாம் தட்டுகிற தமிழ் பெரும்பாலும் சேர்ந்த வடிவத்தில்தான் விழும். பழைய கோப்புகளில்தான் சிக்கல். நம் ஊர்க் கடைகளில், அச்சகங்களில் பாமினி எழுத்துருவில் வருஷக்கணக்காகத் தட்டிவைத்த எக்ஸல் கோப்புகள் கிடக்கின்றன. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டவேண்டும்: முதலில் கொம்பு, அப்புறம் எழுத்து, அப்புறம் கால். அதை யூனிகோடாக மாற்றும் சில கருவிகள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவைத்ததோடு நிறுத்திவிடும். கொம்பையும் காலையும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை. அந்தப் பிள்ளையின் வாடிக்கையாளர் கொடுத்த ஊர்ப் பட்டியல் அப்படி மாறி வந்தது. அதிலிருந்து நகலெடுத்துத்தான் அவள் எதிர்பார்ப்பை எழுதியிருந்தாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பைதான் தெரிந்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். பைதானில் மாறிக்கு (ஒரு மதிப்பை வைத்திருக்கும் வேரியபிளுக்கு) தமிழில் பெயர் வைக்கலாம். "தோவாளை" என்று மாறிக்குப் பெயர் வைத்து, ஒரு இடத்தில் சேர்ந்த வடிவத்திலும் இன்னொரு இடத்தில் பிரிந்த வடிவத்திலும் எழுதினால் இரண்டும் ஒரே மாறி. பெயர்களைப் பைதானே இயல்பாக்கிக்கொள்ளும், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தை (எழுத்துத் தொடரை) மட்டும் அது தொடாது. நிரலில் ஒன்றாக இருப்பது தரவில் இரண்டாகிவிடும்.

நான் என்ன செய்தேன்? ஒப்பிடும் செயற்கூற்றுக்குள், இரண்டு பக்கத்தையும் யூனிகோடின் என்.எஃப்.சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடும்படி செய்தேன். அதில் 3015-உம் 3006-உம் சேர்ந்து 3019 ஆகிவிடும். அதே நாளில், பட்டியலில் ஒரு வரியைத் தேடி எடுக்கும் செயற்கூற்றையும் அப்படியே மாற்றினேன். அதுவரை எக்ஸ்பாத் (பக்கத்தில் உறுப்பைத் தேடும் மொழி) மூலம் நேரடியாகத் தேடிக்கொண்டிருந்தது. பிழைத்திருத்தம் என்று குறித்து, 2.6.0-ஐ 2.6.1 ஆக்கி வெளியிட்டேன். மூன்றாவது எண் மட்டும் கூடினால் பழையது எதுவும் மாறவில்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். நான்கு குழுக்களும் எடுத்துக்கொண்டன.

மறைந்தது எப்படி

பூ வியாபாரியின் செயலியில் பழைய கணக்கை உள்ளே ஏற்றும் பகுதியை ஜூலையில் எழுதினார்கள். பாமினிக் கோப்பு, மாற்றும் கருவி, பிரிந்த வடிவம் எல்லாம் அதே கதைதான். ஏற்றிய ஊர்ப்பெயர்கள் தரவுத்தளத்தில் பிரிந்த வடிவத்திலேயே போய் உட்கார்ந்தன. அவர்கள் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். ஊர்ப்பெயர் இரண்டு தடவை வரக்கூடாது என்று கட்டுப்பாடும் போட்டிருந்தார்கள். ஆனால் எண்வரிசை வேறாக இருப்பதால், சேர்ந்த வடிவத்தில் இன்னொரு தோவாளை வந்தபோது அந்தக் கட்டுப்பாடு அதை வேறு பெயராகத்தான் கண்டது. கணக்குப் பெரியவர் புதிதாக ஓர் ஆளைச் சேர்க்கும்போது ஊர்ப்பெயரைக் கைபேசியில் தட்டுவார். அந்த ஊர் ஏற்கெனவே இருக்கிறதா என்று செயலி பார்க்கும். இல்லை என்று முடிவுசெய்து புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடும்.

இப்போது அவர்களுடைய டெஸ்ட். ஒரு மாதிரிக் கோப்பை ஏற்றும். ஊர்ப் பட்டியலைத் திறக்கும். தோவாளை வரியைத் தேடி எடுக்கும். அதன் பெயர் "தோவாளை" என்று இருக்கிறதா என்று ஒப்பிடும். டெஸ்ட்டில் எதிர்பார்ப்பை எழுதிய தம்பி அதைக் கீபோர்டில் தட்டியிருந்தான், சேர்ந்த வடிவம். 2.6.0 ஆக இருந்திருந்தால் எழுதிய முதல் நாளே அது சிவந்திருக்கும். தேடும் செயற்கூறே "அப்படி ஒரு வரி இல்லை" என்று சொல்லியிருக்கும். 2.6.1-இல் தேடலும் கண்டுபிடித்தது, ஒப்பீடும் சரி என்றது. செயலி செய்யத் தவறிய வேலையை டெஸ்ட் லைப்ரரி தன் பக்கத்தில் செய்துவிட்டு, செயலி சரியாக இருப்பதாகச் சான்று கொடுத்தது.

இதை நான் கண்டுபிடித்த ராத்திரி வெளியே நல்ல மழை. 2.6.0-ஐயும் 2.6.1-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டு அந்த ஒரே டெஸ்ட்டை ஓட்டினேன். சிவப்பு. பச்சை. சிவப்பு. பச்சை. செயலியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியதெல்லாம் நான் எழுதிய நான்கு வரி.

எங்கள் லைப்ரரிக்கே டெஸ்ட் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஒப்பிடும் செயற்கூற்றிலிருந்து ஒப்பிடும் வரியையே எடுத்துவிட்டு, எது வந்தாலும் "சரி" என்று திருப்பித் தரும்படி வைத்து எங்கள் டெஸ்ட்டுகளை ஓட்டிப் பார்த்தேன். ஒன்று விடாமல் பச்சை. ஒரே மாதிரி இருப்பவை ஒன்றென்று ஒத்துக்கொள்ளப்படுகின்றனவா என்று மட்டும் சோதித்திருக்கிறோம். வேறாக இருப்பவை தோற்கின்றனவா என்று ஒரு இடத்திலும் சோதிக்கவில்லை. நிரலை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு டெஸ்ட் பிடிக்கிறதா என்று பார்க்கும் இந்த முறைக்கு மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயர். 1970-களிலிருந்தே பேசப்படுவது. செயலிகளுக்கு அதைச் செய்பவர்கள் குறைவு. டெஸ்ட் லைப்ரரிக்கு அதைச் செய்யாமல் இருக்கக்கூடாது என்பது இப்போது என் உறுதியான எண்ணம். செயலியில் பிழை இருந்தால் டெஸ்ட் பிடிக்கும். டெஸ்ட் லைப்ரரியில் பிழை இருந்தால் அதற்கு மேலே காவல் இல்லை.

என்ன முடிவெடுத்தோம்

முதலில் வந்த யோசனை எளிது: திருத்தத்தைத் திரும்ப எடுத்துவிடு, 2.6.2 வெளியிடு. மார்த்தாண்டத்தில் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். இந்த இரண்டு மாதத்தில் அவர்கள் எழுதிய டெஸ்ட்டுகள் இந்தத் தளர்வை நம்பி எழுதப்பட்டவை. பல இடங்களிலிருந்து வரும் தமிழ்ச் செய்திகளைத் திரையில் காட்டும் வேலை அவர்களுடையது, அங்கே எந்த வடிவத்தில் வந்தது என்பது கேள்வியே இல்லை. கூகுளில் பணிபுரிந்த ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி சொல்வார்கள்: பயனர்கள் போதுமான அளவு சேர்ந்துவிட்டால், நீ வாக்குக் கொடுத்தாயோ இல்லையோ, வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். நான்கு குழுக்களுக்கே அது உண்மையாகிவிட்டது. முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றியது ஒரு தப்பு. அதே தப்பைத் திரும்பச் செய்து முதல் தப்பைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே 3.0. முதல் எண் கூடினால் பழையது மாறியிருக்கிறது, பார்த்து எடு என்று அர்த்தம். அதில் ஒப்பீடு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அச்சொட்டான ஒப்பீடு: எண்வரிசை மாறினால் தோற்கும். இன்னொன்று பார்வை ஒப்பீடு: திரையில் ஒரே மாதிரி தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு. தளர்வு வேண்டுமென்றால் டெஸ்ட் எழுதுகிறவர் அதைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். படிக்கிறவர் கண்ணிலும் அது படவேண்டும். வரி தேடும் செயற்கூற்றுக்கும் இதே பிரிவுதான்.

எதுவும் சொல்லாமல் விட்டால் எந்த ஒப்பீடு நடக்கவேண்டும் என்று இரண்டு நாள் வாதம் நடந்தது. "பயனருக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியுது, பின்ன டெஸ்ட் ஏன் ஒத்தக்கால்ல நிக்கணும்?" என்று கேட்டார்கள். பயனருக்கு ஒன்றாகத் தெரிவதால்தான் என்பது என் பதில். பூக்கடைப் பெரியவரின் கண்ணுக்கு இரண்டு தோவாளையும் ஒன்றே. தேடலுக்கும் தரவுத்தளத்துக்கும் வேறு. மனிதக் கண்ணுக்குப் படாத வித்தியாசத்தைப் பார்த்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? அதற்குத்தானே டெஸ்ட்.

ஆனால் அப்படி மட்டும் செய்தால் குலசேகரத்துப் பிள்ளை மறுபடி ஒரு நாளைத் தொலைப்பாள். இதை யோசிக்கும்போதுதான், ஜூன் மாதம் அவள் சொன்ன குறையையே நான் தப்பாகக் கேட்டிருக்கிறேன் என்று புரிந்தது. டெஸ்ட் தோற்றது அவளுடைய குறை இல்லை. அது தோற்றது சரியே. எதிர்பார்ப்பில் இருந்த எழுத்து வேறுதான். ஏன் தோற்றது என்று சொல்லவில்லை என்பதுதான் குறை. நான் காரணத்தைச் சொல்லவைப்பதற்குப் பதில் தோல்வியை எடுத்துவிட்டேன்.

3.0-இல் நான் அதிக நேரம் செலவழித்தது அந்தச் செய்தியில்தான். அச்சொட்டான ஒப்பீடு தோற்று, ஆனால் பார்வை ஒப்பீட்டில் ஒன்றாக வந்தால், இப்போது தமிழிலேயே இப்படிச் சொல்கிறது: "இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரியும், ஆனால் எழுத்துக்குறிகள் வேறு. 2-ஆம் இடத்தில் எதிர்பார்த்தது 3019 (ோ). கிடைத்தது 3015, 3006 (இரட்டைக்கொம்பு, துணைக்கால்). செயலி உள்ளீட்டை இயல்பாக்குகிறதா என்று பாருங்கள். எதிர்பார்ப்பை வேறு கோப்பிலிருந்து நகலெடுத்திருந்தால் அதையும் பாருங்கள்." குழுவில் யாருக்கும் யூனிகோட் பாடம் எடுக்கவேண்டிய அவசியமே வரவில்லை. அந்தச் செய்தியே சொல்லிக்கொடுக்கிறது.

முன்னறிவிப்பு பற்றி ஒரு வார்த்தை. பழைய செயற்கூற்றை அழைத்தால் எச்சரிக்கை வரும்படி 2.7 என்று ஓர் இடைக்கால வெளியீடு கொடுத்தோம். பைதானில் இதற்கென்று இருக்கும் எச்சரிக்கை வகை, நேரடியாக ஓட்டும் கோப்பைத் தவிர மற்ற இடங்களில் தானாகவே மறைந்துவிடும், பைடெஸ்ட் 3.8-இலிருந்துதான் கடைசியில் தொகுத்துக் காட்டுகிறது. அந்தத் தொகுப்பையும் யாரும் படிப்பதில்லை. எல்லாரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். எச்சரிக்கை எங்கள் லைப்ரரியின் வரி எண்ணைக் காட்டாமல், அழைத்த டெஸ்ட்டின் வரி எண்ணைக் காட்டும்படி ஒரு படி மேலே தள்ளிவைத்தோம். அது உதவியது. அதைவிட உதவியது, நான்கு குழுக்களையும் நானே போனில் கூப்பிட்டுப் பேசியது. நான்கே குழுக்கள் இருக்கும்போது போனைவிட நல்ல முன்னறிவிப்பு கிடையாது.

செயலிப் பக்க வேலை சீக்கிரம் முடிந்தது. உள்ளே வரும் எந்தத் தமிழையும் வாசலிலேயே என்.எஃப்.சி ஆக்கிச் சேமிப்பது. ஏற்கெனவே கிடப்பதை ஒரு தடவை மாற்றி, இரட்டை ஊர்களை இணைத்து, பாக்கியைக் கூட்டுவது. போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து இதற்கு உள்ளேயே ஒரு செயற்கூறு இருப்பதால் பெரிய கஷ்டம் இல்லை. ஓணத்துக்கு நான்கு நாள் முன்பு பெரியவரின் லிஸ்ட்டில் ஒரே தோவாளை.

என்.எஃப்.சி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு எழுதினால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், யூனிகோடுக்கு அவை வேறு வேறு, இயல்பாக்கினாலும் சேராது. ஸ்ரீ என்பதற்கும் அடியில் இரண்டு எழுத்துவரிசை உண்டு, அவையும் சேராது. நடுவில் கண்ணுக்கே தெரியாத அகலமில்லாக் குறி ஒட்டிக்கொண்டு வருவது இன்னொரு தொல்லை. எங்கள் பார்வை ஒப்பீடு இவற்றில் எதையும் இப்போதைக்கு ஒன்றாக்குவதில்லை. அச்சொட்டான ஒப்பீட்டின் செய்தி மட்டும் இவற்றை எடுத்துச் சொல்கிறது.

3.0-ஐ எடுத்த அன்று எல்லாக் குழுக்களிலும் சேர்த்து ஒன்பது டெஸ்ட் சிவந்தது. ஆறில் எதிர்பார்ப்பு எழுதிய விதம் தப்பு. செய்தியைப் படித்து அவர்களே சரிசெய்தார்கள். மூன்று உண்மையான பிழைகள். அதில் ஒன்று வேறொரு செயலியின் தேடலில், இன்னும் வாடிக்கையாளர் கைக்குப் போகாதது.

லைப்ரரியின் சொந்த டெஸ்ட்டில் இப்போது "தோற்க வேண்டியவை" என்று ஒரு தனிக்கோப்பு இருக்கிறது. அதிலுள்ள ஊர்ப் பட்டியலை எழுதி அனுப்பியது குலசேகரத்துப் பிள்ளைதான். நாகர்கோவில், தோவாளை, கொட்டாரம், கோட்டாறு, கொல்லங்கோடு என்று ஒவ்வொன்றும் இரண்டு வடிவத்திலும் இருந்தது. கொல்லங்கோட்டில் ஒகரமும் ஓகாரமும் இருப்பதால் சேர்ந்த வடிவத்தில் 11 குறி, பிரிந்த வடிவத்தில் 13 என்று பக்கத்திலேயே குறித்திருந்தாள். கடைசியில் குளச்சல். அதில் கொம்பும் இல்லை, காலும் இல்லையே, இதை எதற்குப் போட்டாய் என்று கேட்டேன்.

"அதுல மாறதுக்கு ஒண்ணும் இல்லல்லா அண்ணே. எந்த வழியா வந்தாலும் ஒண்ணாத்தான் இருக்கணும். குளச்சலே தோத்துதுன்னா நம்ம கோடுலதான் கோளாறுன்னு உடனே தெரிஞ்சிரும்லா."

அப்படியே சேர்த்துவிட்டேன்.